புல்வெளி வெறும் தரையல்ல: டயகமவின் திறந்த நிலமும் நமது வக்பு மரபும்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக ஏறிச் செல்லும் பாதையில் டயகம இருக்கிறது. அதற்கு மேலே ஹோர்ட்டன் சமவெளி. கீழே தேயிலை, நடுவே லயங்கள், ஓடைக் கரைகளிலும் மலை விளிம்புகளிலும் புல். பயணிகள் தேயிலையைப் படம் எடுப்பார்கள், சமவெளியைப் பார்க்கக் கட்டணம் செலுத்துவார்கள். இடையில் கிடக்கும் புல்லை யாரும் கவனிப்பதில்லை.

ஆனால் அந்தப் பிரதேசத்தின் பெயரிலேயே அந்தப் புல் இருக்கிறது. சிங்களத்தில் ‘பத்தன’ என்றால் மலைப் புல்வெளி. அக்கரப்பத்தனை, கொட்டகலைக்கு அருகே உள்ள பத்தனை போன்ற ஊர்ப் பெயர்கள் அதிலிருந்து வந்தவை. தேயிலை வருவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதை அந்தப் பெயர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இந்தத் திறந்த நிலங்களை எதிர்காலத்தில் யார் பாதுகாப்பது, யாருக்காகப் பாதுகாப்பது என்ற கேள்வியை முஸ்லிம் வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். “தோட்டக் காணி விவகாரம் நமக்கு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அந்த மலையின் தண்ணீர் நம்மிடம் வருகிறது. இரண்டு, மேற்கு நாடுகள் இன்று ‘லேண்ட் ட்ரஸ்ட்’ என்று அழைக்கும் காணி அறக்கட்டளையின் அடிப்படைக் கருத்து, நமது மார்க்க மரபில் வக்பு என்றும் ஹிமா என்றும் பதினான்கு நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது. இந்த விடயத்தில் நாம் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது.

தண்ணீர் எங்கே போகிறது?

ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்திலிருந்து இறங்கும் அக்கர ஓயா கொத்மலை ஓயாவுக்கு நீர் தருகிறது. தலவாக்கலையில் 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்கும், அதற்குக் கீழே 1985 இல் திறக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்துக்கும் அந்தத் தண்ணீரே செல்கிறது. அங்கிருந்து மகாவலி. மகாவலி நாட்டின் நடுப்பகுதியைச் சுற்றி வந்து, வயல்களுக்கெல்லாம் நீர் கொடுத்து, கடைசியில் மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலில் சேர்கிறது.

அதாவது டயகமவுக்கு மேலே பெய்யும் மழையின் ஒரு பகுதி, மூதூர் விவசாயியின் வயல் வரைக்கும் வருகிறது. மலையில் புல்லும் காடும் இருந்தால் மழை மெதுவாக மண்ணுக்குள் இறங்கி, மழை நின்ற பிறகும் ஓடையில் நீர் கசிந்துகொண்டிருக்கும். புல் போனால் மழை மண்ணையும் இழுத்துக்கொண்டு ஒரே நாளில் ஓடிவிடும். அந்த மண் நீர்த்தேக்கங்களில் படியும். மலைச்சரிவு நிலை குலைந்தால் என்ன நடக்கும் என்பதை 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் புதைந்துபோன லயங்கள் நாட்டுக்குக் காட்டின.

இதை ஆங்கிலேயர்களே ஒரு கட்டத்தில் உணர்ந்தார்கள். தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையைத் தொடர்ந்து, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டக் கூடாது என்று 1873 இல் காலனித்துவ அரசு தீர்மானித்தது. ஹோர்ட்டன் சமவெளி இன்றும் மிஞ்சியிருப்பதற்கு அது ஒரு முக்கிய காரணம். 1969 இல் அது இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஏனைய இரு பகுதிகளோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. சமவெளிக்குச் சட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே, தோட்ட எல்லைக்குள் கிடக்கும் புல்லுக்கும் ஓடைக் கரைக்கும் அப்படியான காவல் இல்லை.

‘வெறும் தரை’ என்ற சொல்லின் வரலாறு

திறந்த நிலம் பறிபோகும்போதெல்லாம் முதலில் அதற்கு ஒரு பெயர் சூட்டப்படும். தரிசு, பாழ் நிலம், பயன்படுத்தாத காணி. பெயர் சூட்டிய பிறகு எடுப்பது எளிது.

1840 இன் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம் இதைத்தான் செய்தது. பயிர் செய்யப்படாத, உறுதிப் பத்திரம் இல்லாத நிலங்கள் எல்லாம் முடிக்குரியவை எனக் கருதப்பட்டன. கண்டிக் கிராமத்தவர் மாடு மேய்த்த மேட்டு நிலத்துக்கும், சேனை செய்த காட்டுக்கும் எழுத்தில் உறுதி ஏது? அவை அரசின் கைக்குப் போய், அங்கிருந்து கோப்பித் தோட்டக்காரர்களின் கைக்குப் போயின. கோப்பி அழிந்த பிறகு தேயிலை வந்தது. 1897 இன் பாழ்நிலக் கட்டளைச் சட்டம் அதே பாதையில் இன்னொரு அடி.

அந்தத் தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களுக்கும் நிலம் கிடைக்கவில்லை. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975 திருத்தமும் நிலத்தை வெள்ளைக்காரத் துரையிடமிருந்து அரசுக்கு மாற்றின. 1992 இல் தோட்ட முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. நிலம் அரசுடையது, கம்பனிக்கு 53 வருடக் குத்தகை. அந்தக் குத்தகை 2045 இல் முடிகிறது.

இந்த நான்கு கைமாற்றங்களிலும் பத்தனைப் புல்லையோ, அதைப் பயன்படுத்திய மக்களையோ யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஐந்தாவது கைமாற்றம் 2045 இல் வருகிறது. இப்போதிருந்து பார்த்தால் தூரமாகத் தோன்றலாம். ஆனால் குத்தகை முடியும் தறுவாயில் பேச்சுத் தொடங்கினால், பேச்சு மேசையில் பணம் உள்ளவர்கள் மட்டுமே இருப்பார்கள்.

மாடு அவருடையது, புல் யாருடையது?

டயகமவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பல குடும்பங்கள் லயத்துக்கு அருகே கொட்டில் கட்டி ஒன்றிரண்டு கறவை மாடுகள் வளர்க்கின்றன. கொழுந்து பறித்து வந்த பிறகு, ஓடைக் கரையிலும் பாதை ஓரத்திலும் புல் அறுத்துத் தலையில் கட்டாகச் சுமந்து வருவது பெரும்பாலும் பெண்கள். காலையில் கறந்த பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போகும். நாட்சம்பளம் வீட்டுச் செலவுக்கே போதாத குடும்பத்தில், பிள்ளையின் பாடசாலைச் செலவும் திடீர் மருத்துவச் செலவும் அந்த மாட்டிலிருந்துதான் வருகின்றன. அவசரத்துக்கு ஒரு கன்றை விற்கலாம். அந்தக் குடும்பத்தின் ‘வங்கி’ அந்தக் கொட்டில்தான்.

இதில் ஒரு முரண் உண்டு. மாடு தொழிலாளியுடையது. மாடு தின்னும் புல் வளரும் நிலம் அவருடையதல்ல. கம்பனி அந்த ஓடைக் கரையில் யூகலிப்டஸ் நட்டால், அல்லது அந்த விளிம்பை விடுதி கட்ட உபகுத்தகைக்குக் கொடுத்தால், மாடு கொட்டிலில் பட்டினி கிடக்கும். பால் நின்றுவிடும். அதைக் குறித்து முறையிட அவரிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் காணி கொடுக்கும் திட்டங்கள் வந்திருக்கின்றன, அவை நல்லவை. ஆனால் 7 பேர்ச்சஸில் வீடு நிற்கும், மாடு மேயாது.

இதே மலைப் பிரதேசத்தில் பெரிய அளவிலான பால் பண்ணைகளும் உண்டு. டயகமவிலும் போபத்தலாவையிலும் தேசிய கால்நடை அபிவிருத்திச் சபையின் பண்ணைகள் இருக்கின்றன. அம்பேவலைப் பண்ணை 2001 இல் தனியாரிடம் போனது. அரச பண்ணைகளைத் தனியாருடனோ வெளிநாட்டு நிறுவனங்களுடனோ இணைப்பது பற்றிய பேச்சு எழுவதும் அடங்குவதுமாக இருப்பதைச் செய்திகளில் படித்து வருகிறோம். பால்மாவுக்கு நாம் வரிசையில் நின்ற 2021, 2022 ஆண்டுகளை மறந்திருக்க மாட்டோம். பசும்புல் வளரும் குளிர்ந்த மலையை வைத்துக்கொண்டு பாலை வெளிநாட்டிலிருந்து தூளாக வாங்கும் நாடு, இருக்கும் மேய்ச்சல் நிலத்தை எப்படிக் காப்பது என்று யோசித்தே ஆக வேண்டும்.

கலிபோர்னியாவின் பால்காரர்கள் செய்தது

இந்த இடத்தில் ஒரு வெளிநாட்டு உதாரணம் உதவும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, பாலத்தைத் தாண்டினால் மரின் மாவட்டம். கடற்கரையை ஒட்டிய புல் மலைகள், அவற்றில் தலைமுறைகளாக நடக்கும் குடும்பப் பால் பண்ணைகள். நகரம் பெருகியபோது அந்த மலைகள் மீது வீடமைப்பு நிறுவனங்களின் கண் விழுந்தது. பால் விற்று ஒரு வருடத்தில் கிடைப்பதைவிடப் பல மடங்கு பணம் நிலத்தை விற்றால் கிடைக்கும். ஒரு பண்ணை விற்கப்பட்டால் பக்கத்துப் பண்ணைக்கும் ஆபத்து. பால் லொறி வராது, மிருக வைத்தியர் வரமாட்டார், தீனிக் கடை மூடப்படும்.

1980 இல் எலன் ஸ்ட்ராஸ் என்ற பால் பண்ணைப் பெண்மணியும் ஃபிலிஸ் ஃபேபர் என்ற உயிரியலாளரும் சேர்ந்து மரின் விவசாயக் காணி அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். விவசாய நிலத்துக்கென்றே அமெரிக்காவில் தோன்றிய முதல் அறக்கட்டளை அது. ஒருவர் சூழல் ஆர்வலர், மற்றவர் மாடு வளர்ப்பவர். பல நாடுகளில் எதிரெதிராக நிற்கும் இரு தரப்பு அங்கே ஒரே மேசையில் உட்கார்ந்தது.

அவர்களின் வழி எளிமையானது. ஒரு காணி உரிமை என்பது ஒரு கட்டு விறகு போன்றது. பயிர் செய்யும் உரிமை, மேய்க்கும் உரிமை, வாழும் உரிமை, விற்கும் உரிமை, துண்டாடிக் கட்டடம் எழுப்பும் உரிமை என்று பல விறகுகள் அதில் உண்டு. அறக்கட்டளை அதில் ஒரு விறகை மட்டும் விலை கொடுத்து வாங்கும்: துண்டாடிக் கட்டடம் எழுப்பும் உரிமை. வாங்கியதைப் பயன்படுத்தாது, நிரந்தரமாகப் பூட்டி வைக்கும். நிலம் விவசாயியுடையதாகவே இருக்கும். அவர் மாடு மேய்க்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் யார் வாங்கினாலும் அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடு சேர்ந்தே போகும். இதற்கு வழி செய்யும் சட்டத்தைக் கலிபோர்னியா 1979 இல் இயற்றியிருந்தது. கிடைத்த பணத்தில் விவசாயி கடன் அடைப்பார், கொட்டிலைத் திருத்துவார், நிலத்தில் பங்கு கேட்கும் சகோதரருக்கு உரியதைக் கொடுப்பார். இவ்வாறு அங்கே 50,000 ஏக்கருக்கு மேல் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

பத்திரம் எழுதுவதோடு வேலை முடிவதில்லை. அறக்கட்டளையின் ஆட்கள் வருடா வருடம் காணிக்குச் சென்று நிபந்தனை மீறப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மீறினால் வழக்காட நிதி வைத்திருப்பார்கள். காவல் இல்லாத பத்திரம் வெறும் கடதாசி.

நமது நாட்டிலும் இந்தச் சிந்தனை எட்டிப் பார்த்திருக்கிறது. 1894 இல் தொடங்கிய வனஜீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், தனியார் நிலங்களையும் தோட்டங்களுக்குள் இருக்கும் காட்டுத் துண்டுகளையும் இணைத்துப் பாதுகாப்பதற்கென சில ஆண்டுகளுக்கு முன் ‘பிளான்ட்’ என்ற தனி அமைப்பை உருவாக்கியது. தெனியாயப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலும் அது வேலை செய்கிறது. ஆகவே தோட்டக் காணிக்குள் இப்படிச் செய்ய முடியாது என்று சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே முதன்மை நோக்கம் வனவிலங்கும் காடும். டயகமவில் மாடும் மனிதரும் கணக்கில் வர வேண்டும்.

கைபர் நிலமும் ரபதா புல்வெளியும்

உமர் (ரழி) அவர்களுக்குக் கைபரில் ஒரு நல்ல நிலம் கிடைத்தது. அதை என்ன செய்யலாம் என்று நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். விரும்பினால் அதன் மூலத்தைத் தடுத்து வைத்துக்கொண்டு, அதன் விளைச்சலைத் தர்மம் செய்யலாம் என்ற கருத்தில் வழிகாட்டல் கிடைத்தது. அதன்படி அந்த நிலம் விற்கப்படக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கப்படக் கூடாது, வாரிசுரிமையில் போகக் கூடாது என்று உமர் (ரழி) நிபந்தனை வைத்தார்கள். ஏழைகள், உறவினர்கள், அடிமை விடுதலை, வழிப்போக்கர், விருந்தாளி என்று பயன் பெறுவோரையும் வரையறுத்தார்கள். நிலத்தைப் பராமரிப்பவர் நியாயமான அளவு அதிலிருந்து உண்ணலாம், சொத்துச் சேர்க்கலாகாது என்றும் சொன்னார்கள். வக்பின் அடிப்படை இதுதான்.

மரின் மாவட்டத்துப் பத்திரத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலத்தை விற்பனைச் சந்தையிலிருந்து, முழுமையாகவோ பகுதியாகவோ, வெளியே எடுப்பது. நோக்கத்தை எழுதி வைப்பது. பராமரிப்பவருக்கு எல்லை போடுவது. முறை ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு, வக்பில் முழு உரிமையும் பூட்டப்படுகிறது, அங்கே ஒரு விறகு மட்டும் பூட்டப்படுகிறது.

வக்பு என்றதும் நமக்குப் பள்ளிவாசல், மத்ரஸா, கடைத் தொகுதி, மையவாடி ஆகியவையே நினைவுக்கு வரும். மேய்ச்சல் நிலத்துக்கு ஹிமா என்ற தனி ஏற்பாடு இருந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. இஸ்லாத்துக்கு முன் அரேபியாவில் பலம் வாய்ந்த கோத்திரத் தலைவர்கள் நல்ல புல்வெளியைத் தமக்கென ஒதுக்கி, மற்றவர்களின் கால்நடைகளை விரட்டி வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்தத் தனிமனித ஆதிக்கத்தை நிறுத்தி, பொது நலனுக்காக மட்டுமே புல்வெளியை ஒதுக்கலாம் என்று ஆக்கினார்கள். மதீனாவுக்கு அருகே நகீஃ என்ற இடம் அவ்வாறு ஒதுக்கப்பட்டது. உமர் (ரழி) அவர்களின் காலத்தில் ரபதாவும் ஹிமாவாக இருந்தது.

அந்த ஹிமாவைக் காக்க ஹுனை என்பவரை நியமித்தபோது உமர் (ரழி) சொன்ன அறிவுரை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அதன் கருத்து இது. மக்களிடம் மென்மையாக நடந்துகொள். அநீதி இழைக்கப்பட்டவனின் பிரார்த்தனைக்குப் பயந்துகொள். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டும் வைத்திருப்பவனை உள்ளே விடு. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகள் விடயத்தில் எச்சரிக்கையாக இரு. அவர்களின் கால்நடைகள் அழிந்தால் அவர்களுக்குப் பேரீச்சந் தோட்டங்களும் வயல்களும் இருக்கின்றன. ஏழையின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு என்னிடம் வந்து நிற்பான். அவனைக் கைவிட முடியுமா? தங்கமும் வெள்ளியும் கொடுப்பதைவிடத் தண்ணீரும் புல்லும் கொடுப்பது எனக்கு இலகுவானது.

இங்கே பெயர் சொல்லப்பட்ட இருவரும் சுவனத்து நன்மாராயம் பெற்ற ஸஹாபாக்கள், கொடையாளிகள். அவர்கள் மீது குறை சொல்வதற்காக இது சொல்லப்படவில்லை. புல் குறைவாக இருக்கும்போது யாருக்கு முதலிடம் என்ற கேள்விக்கான பதில் இது: வேறு வழி இல்லாதவனுக்கு. இன்றைய பாதுகாப்புத் திட்டங்கள் பலவற்றில் இல்லாத வரி இதுதான். காட்டைக் காப்பதென்று வேலி போடுவார்கள். வேலிக்கு வெளியே புல் அறுத்து வந்த பெண் குற்றவாளி ஆவாள், வேலிக்கு உள்ளே விடுதி கட்டியவர் ‘சூழல் நேயர்’ ஆவார்.

ஹிமா முறை செத்துப்போன ஒன்றல்ல. லெபனானின் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2004 முதல் ஊர்ச் சபைகளோடு சேர்ந்து ஹிமாக்களை மீண்டும் உருவாக்கி வருகிறது. பறவைகள் தங்கும் ஈரநிலமும், ஊர் மக்களின் மேய்ச்சலும் விவசாயமும் அங்கே ஒரே ஏற்பாட்டுக்குள் வருகின்றன. அந்த ஊர்களில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

சட்டத்தில் இடம் இருக்கிறதா?

இலங்கையில் இதற்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. முதலாவது, 1917 இன் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டம். பொது நலனுக்கான தரும நம்பிக்கைப் பொறுப்பை அதன் கீழ் எந்தச் சமூகத்தவரும் அமைக்கலாம். இரண்டாவது, 1956 இன் 51 ஆம் இலக்க முஸ்லிம் பள்ளிவாசல்கள் மற்றும் தரும நம்பிக்கைப் பொறுப்புகள் அல்லது வக்புகள் சட்டம். நமது பள்ளிவாசல்களை நிர்வகிக்க நாம் தினமும் பயன்படுத்தும் அதே சட்டம்தான். அதன் தலைப்பிலேயே பள்ளிவாசலோடு தரும நம்பிக்கைப் பொறுப்பும் இருக்கிறது.

தோட்டக் காணி அரசுடையது என்பதால் அதை யாரும் வக்பு செய்ய முடியாது. தன்னுடையது அல்லாததைத் தர்மம் செய்ய முடியாது என்பது மார்க்கத்தின் அரிச்சுவடி. ஆகவே டயகமவில் முதல் படி அரசிடமிருந்து வர வேண்டும். காணியின் உரிமையாளர் என்ற முறையில் குத்தகை நிபந்தனைகளை எழுதுவது அரசுதான். ஓடையின் இரு கரைகள், சரிவான பத்தனைப் புல்வெளி, புல் அறுக்கும் இடங்கள், விளையாட்டு மைதானம், மயானம் ஆகியவற்றைக் குத்தகைக் காணியிலிருந்து பிரித்து, ஓர் உள்ளூர் அறக்கட்டளையின் பராமரிப்பில் விடலாம். அறங்காவலர் சபையில் யார் இருக்கிறார்கள் என்பதிலேயே அதன் தலைவிதி இருக்கிறது. மாடு வளர்க்கும் தோட்டக் குடும்பங்கள், அதிலும் புல் அறுக்கும் பெண்கள், பால் சேகரிப்புச் சங்கங்கள், அக்கரப்பத்தனை பிரதேச சபை, கால்நடை வைத்தியர், சூழல் அறிந்தவர் ஆகியோர் இருக்க வேண்டும். கம்பனிக்கும் ஓர் ஆசனம் இருக்கலாம், பெரும்பான்மை இருக்கக் கூடாது.

அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, அதற்குப் பெரிய பணம் தேவையில்லை. எந்த இடத்தில் யார் புல் அறுக்கிறார்கள், எந்த ஊற்று எந்த லயத்துக்குத் தண்ணீர் தருகிறது, எந்தக் கரை வருடா வருடம் சரிகிறது என்பதை ஊர் மக்களைக் கொண்டே வரைபடத்தில் குறிக்க வேண்டும். 1840 இல் கண்டிக் கிராமத்தவர் தோற்றது எழுத்தில் எதுவும் இல்லாததால். 2045 இல் அதே காரணத்துக்காகத் தோட்ட மக்கள் தோற்கக் கூடாது.

தனியார் காணி இருக்கும் இடங்களில் நமக்கும் நேரடிப் பங்கு இருக்கிறது. மலையக நகரங்களிலும் வேறு மாவட்டங்களிலும் ஓடைக் கரையில், மலை விளிம்பில் காணி வைத்திருக்கும் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு துண்டை, ஊற்று வற்றாமல் இருக்கவும் ஊரார் புல் அறுக்கவும் என்று வக்பு செய்தால் அது ஸதகா ஜாரியா ஆகாதா? பயன் பெறுபவர் எந்தச் சமூகத்தவர் என்று பார்க்க வேண்டியதில்லை. உமர் (ரழி) அவர்களின் நிபந்தனையில் வழிப்போக்கரும் விருந்தாளியும் இருந்தார்கள். இதன் பிக்ஹு விபரங்களை உலமாக்கள் விளக்க வேண்டும், வக்பு சபை வழிகாட்ட வேண்டும்.

எச்சரிக்கையும் தேவை. வக்பு சொத்துகள் சொற்ப வாடகைக்கு நீண்ட காலம் முடங்கிக் கிடப்பதும், கணக்குக் காட்டப்படாமல் போவதும் நாம் அறியாத செய்திகள் அல்ல. மூலத்தைப் பூட்டி வைப்பது வக்பின் பாதி. சாவியை வைத்திருப்பவரைக் கேள்வி கேட்பது மறுபாதி. கணக்கை ஊருக்கு முன் வைக்காத அறக்கட்டளை, பெயர் எதுவாக இருந்தாலும், கடைசியில் ஒருவரின் சொந்தக் காணியாகவே முடியும்.

வட்டமடு சொல்லும் பாடம்

மேய்ச்சல் நிலம் பற்றி நாம் பேசும்போது கிழக்கைத் தவிர்த்துவிட்டுப் பேசினால் அது நேர்மையாகாது. அம்பாறை மாவட்டத்தின் வட்டமடுவில் தமிழ்க் கால்நடைப் பண்ணையாளர்களுக்கும் முஸ்லிம் வேளாண்மைச் செய்கையாளர்களுக்கும் இடையே நீண்டகாலமாகப் பிணக்கு இருக்கிறது. ஒரு தரப்பு அதை மேய்ச்சல் தரை என்கிறது, மறு தரப்பு தமது வயற்காணி என்கிறது, இடையில் வனத் திணைக்களம் காடு என்கிறது. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனையில் மேய்ச்சல் தரை ஆக்கிரமிக்கப்படுவதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் தொடங்கிய போராட்டம் நாடறிந்தது.

இரண்டு இடங்களிலும் ஒரே குறை. திறந்த நிலம் யாருக்காக, எந்த எல்லைக்குள், யாருடைய பொறுப்பில் என்று எல்லோரும் ஏற்கும் ஓர் ஏற்பாடு முன்கூட்டியே இல்லை. ஏற்பாடு இல்லாத இடத்தில் ஏழை விவசாயியும் ஏழை மாட்டுக்காரரும் ஒருவரையொருவர் எதிரியாகப் பார்க்கிறார்கள். மரினில் பால்காரரும் உயிரியலாளரும் ஒரே மேசைக்கு வந்தது போல, வட்டமடுவில் வயற்காரரும் மாட்டுக்காரரும் வர முடியாதா? மழைக் காலத்தில் வயல், அறுவடைக்குப் பின் மேய்ச்சல், குளக்கரை எப்போதும் பொது என்று எழுதி, இரு சமூகத்தவரும் அறங்காவலராக இருக்கும் ஓர் அமைப்பு அங்கேயும் யோசிக்கத்தக்கதே. மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த ஹிமாவின் நீதியை நமக்குச் சாதகமான இடத்தில் மட்டும் பேசுவது நியாயமல்ல.

டயகமவில் இன்னும் பிணக்கு வெடிக்கவில்லை. புல் இன்னும் இருக்கிறது, ஓடை இன்னும் ஓடுகிறது, குத்தகை முடிய இன்னும் காலம் இருக்கிறது. மலையகக் காணி உரிமை பற்றிய பேச்சு இப்போது வீட்டுக் காணியோடு நின்றுவிடுகிறது. அதோடு மேய்ச்சல் நிலத்தையும் நீரூற்றையும் சேர்க்கும்படி கேட்பது மலையகப் பிரதிநிதிகளின் வேலை மட்டுமல்ல. நமது பாராளுமன்ற உறுப்பினர்களும், சிவில் அமைப்புகளும், மலையக நகரங்களின் பள்ளிவாசல் நிர்வாகங்களும் அந்தக் கோரிக்கையில் சேர்ந்துகொள்ளலாம். அந்தப் பாலைக் குடிப்பவர்களும் அந்தத் தண்ணீரில் விவசாயம் செய்பவர்களும் நாமும்தான்.

தங்கமும் வெள்ளியும் கொடுக்க நம்மால் முடியாமல் இருக்கலாம். தண்ணீரும் புல்லும் அவர்களுக்கே எஞ்சியிருக்கும்படி இன்று குரல் கொடுக்க முடியும். அல்லாஹ் அதற்கு அருள் புரிவானாக.